மின்கசிவின் மேல் பழி போடும் பித்தலாட்டம்

பட்டறையில் தீப்பிடித்தது, இத்தனை பேர் கருகி மாண்டார்கள், "மின்கசிவே காரணம் என்று தெரிகிறது" - இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படிக்காத தொழிலாளி தமிழ்நாட்டில் இருக்க முடியாது. தீயணைப்பு வண்டி திரும்பும் முன்பே இந்தத் தீர்ப்பு தயாராகி விடுகிறது. நிர்வாகம் சொல்கிறது, போலீசார் எழுதிக் கொள்கிறார்கள், பத்திரிகைகள் அச்சடிக்கின்றன, மந்திரி வந்து அனுதாபம் தெரிவித்து, நிவாரணத் தொகையை அறிவித்துவிட்டுப் போகிறார். யார் இந்த மின்கசிவு? எந்த ஊர்க்காரன்? இவ்வளவு உயிரைக் குடித்தவனை ஒரு நாளாவது கூண்டில் ஏற்றியதுண்டா?

நாம் கேட்கிறோம். மின்சாரம் தன் காலால் நடந்து ஆலைக்குள் வந்ததா? தின்னர் ஆவி மண்டிய அறையில் வீட்டுச் சுவிட்சை மாட்டும்படி ஒருவன் சொன்னான். அதற்கு ஒருவன் விலை பேசினான். ஒருவன் பில்லில் கையெழுத்துப் போட்டான். ஒருவன் சோதனைக்கு வந்து, பார்த்தும் பாராமல் போனான். இத்தனை பேரையும் மறைக்கும் போர்வைக்குத்தான் மின்கசிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் போர்வையை இழுத்துப் போட வேண்டியது தொழிலாளி வர்க்கப் பத்திரிகையின் கடமை.

பொறி எங்கே பிறக்கிறது

இது என்ஜினீயர்களின் விஷயம், உங்களுக்கு விளங்காது என்று நிர்வாகத்தார் சொல்வது வழக்கம். விளங்காமல் போக இதில் மந்திரமா இருக்கிறது? சாதாரணச் சுவிட்சைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு சிறு பொறி பிறக்கிறது. வீட்டில் அதனால் கேடில்லை. அதே சுவிட்சு தோலுக்கு லாக்கர் அடிக்கும் அறையில் இருந்தால்? மீத்தேன் வாயு காற்றில் நூற்றுக்கு 5 பங்கிலிருந்து 15 பங்குவரை கலந்திருந்தால் வெடிக்கும். அதைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. நைலான் சட்டையைக் கழற்றும்போது சுரீரென்று சுடுகிறதே, அந்தப் பொறிக்கு இதைவிட வலு உண்டு. ஹைட்ரஜனுக்கு அதிலும் பத்தில் ஒரு பங்கு போதும்.

பொறிகூட வேண்டாம், வெறும் சூடே போதும் என்ற வாயுக்களும் உண்டு. ரேயான் நூல் செய்யப் பயன்படும் கார்பன் டைசல்பைடு அப்படிப்பட்டது. சுமார் 100 டிகிரி சூட்டில், ஏன், அதற்கும் கீழேயே அதன் ஆவி தானாகப் பற்றிக் கொள்ளும். நீராவிக் குழாயைத் தொட்டாலே போதும். நம் சிறுமுகையில் முன்பு ஓடிய விஸ்கோஸ் ஆலைத் தொழிலாளர்கள் அந்தச் சரக்கோடுதான் காலம் தள்ளினார்கள். ஆகையால்தான் ஆபத்தான இடங்களுக்கான மின்சாதனங்களில், அவற்றின் மேற்பரப்பு எவ்வளவு சூடேறும் என்பதற்கும் ஒரு முத்திரை உண்டு. டி-1 என்றால் 450 டிகிரிவரை. டி-3 என்றால் 200. டி-4 என்றால் 135. டி-6 என்றால் 85. கார்பன் டைசல்பைடு இருக்கும் இடத்தில் டி-4 விளக்கை மாட்டுவது தீக்குச்சியைக் கிழித்து வைப்பதற்குச் சமம். முத்திரை இருக்கிறது, பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், பில்லும் இருக்கிறது. ஆயினும் சாவு நிச்சயம்!

தூசியும் அப்படித்தான். மாவு, சர்க்கரை, ஸ்டார்ச்சு, பஞ்சுத் தூசி - இவையெல்லாம் சாப்பிடவும் உடுக்கவும் உள்ள பொருள்கள்தானே, இவற்றால் என்ன ஆபத்து என்று கேட்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 2008 பிப்ரவரி 7-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் சர்க்கரை ஆலை ஒன்று வெடித்து 14 தொழிலாளர் மாண்டனர். வெடித்தது சர்க்கரைத் தூசி! கன்வேயரைச் சுற்றி இரும்புத் தகடு அடைத்தார்கள். உள்ளே தூசி சேர்ந்தது. சூடேறிய ஒரு பேரிங் அதைப் பற்றவைத்திருக்கக் கூடும் என்று அந்நாட்டு விசாரணைக் குழு முடிவு செய்தது. முதல் வெடியைத் தொடர்ந்து, தரையிலும் உத்திரத்திலும் படிந்து கிடந்த தூசியெல்லாம் கிளம்பி அடுத்தடுத்து வெடித்தது. பெருக்கிச் சுத்தம் செய்ய ஆள் போட்டிருந்தால் கூலிச் செலவு எவ்வளவு ஆகியிருக்கும்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பட்டறைகளிலும், அம்பத்தூரின் பெயிண்டு அடிக்கும் கூடங்களிலும், சிவகாசி அச்சகங்களில் மை கலக்கும் மூலைகளிலும், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளிலும், மணலியின் குழாய்களுக்கு நடுவிலும், சாக்கடைக் குழிகளிலும் வேலை செய்யும் நம் தோழர்கள் இதைத் தங்கள் விஷயமாக எடுத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறோம்.

செங்கெனித்தின் மணி

மின்சாரப் பாதுகாப்புக் கருவிகள் முதலாளிகளின் கருணையால் பிறந்தவை அல்ல. சுரங்கத் தொழிலாளர் பிணங்களின் மேல் ஏறி நின்றுதான் விஞ்ஞானம் அவற்றைக் கண்டது.

வேல்ஸ் நாட்டில் செங்கெனித் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கம் ஒன்று. 1901-இல் அங்கே ஒரு வெடி. 81 பேர் பலி. அதன் பிறகு 1911-ஆம் வருஷத்துச் சட்டம், சுரங்கத்துக் காற்றோட்டத்தைத் திருப்பி விடுவதற்கு ஏற்பாடு செய்தாக வேண்டும் என்றது. கெடு வந்தது, போனது. செங்கெனித்தில் ஏற்பாடு முடியவில்லை. 1913 அக்டோபர் 14 காலையில் மறுபடி வெடித்தது. 439 தொழிலாளர், காப்பாற்றப் போன ஒருவர், ஆக 440 உயிர்கள். பிரிட்டனின் சுரங்கச் சரித்திரத்தில் அதுவரையும் அதற்குப் பிறகும் அவ்வளவு பேர் ஒரே நாளில் மாண்டதில்லை.

எது பற்றவைத்தது என்று இன்றுவரை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. பலமாகச் சந்தேகிக்கப்பட்டது ஒரு மணி. சுரங்கப் பாதை நெடுக மூடாத இரண்டு கம்பிகளை இழுத்திருந்தார்கள். அவற்றை ஒன்றோடொன்று தொட வைத்தால் எஞ்சின் அறையில் மணி அடிக்கும். பாட்டரியில் ஓடும் மணி, குறைந்த வோல்டேஜ், இதனால் என்ன ஆகும் என்று நினைத்திருந்தார்கள். பிறகு வீலர், தார்ன்டன் என்ற இரு விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது. வோல்டேஜ் குறைவாக இருப்பது போதாது. மணியின் கம்பிச்சுருளில் சக்தி தேங்கி நிற்கிறது; கம்பிகளைப் பிரிக்கும் கணத்தில் அது பொறியாகப் பாய்கிறது; அந்தப் பொறி வாயுவைப் பற்றவைக்க வல்லது. தேங்கும் சக்தியை வேறு வழியில் வடிய விட்டால் ஆபத்தில்லை. கம்பி அறுந்தாலும், ஒன்றோடொன்று உரசினாலும் தீப்பற்றாத அளவுக்குச் சக்தியையே குறைத்து வைக்கும் இன்றைய முறை இந்த மணியிலிருந்துதான் வளர்ந்தது. இன்று பெட்ரோல் டாங்கின் உள்ளே மட்டம் பார்க்கும் கருவியும் அந்த வழி வந்ததே.

தண்டனை என்ன தெரியுமா? மானேஜருக்கு 24 பவுன் அபராதம். கம்பெனிக்கு 10 பவுன். மானேஜர் கட்டிய தொகையை மாண்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தலைக்கு ஒரு ஷில்லிங்கும் ஒரு பென்னியும் சில்லறையும் வருகிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1812-இல் ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேர் மாண்ட பிறகு, 1815-இல் டேவி தம் பாதுகாப்பு விளக்கைச் செய்து கொடுத்தார். சாவு குறைந்ததா? இல்லை. விளக்குதான் இருக்கிறதே என்று, அதுவரை ஆபத்தென்று மூடி வைத்திருந்த வாயு நிறைந்த சந்துகளைத் திறந்து அங்கே ஆளை இறக்கினார்கள் சுரங்க முதலாளிகள். உயிர் காக்கும் கருவி லாபம் தோண்டும் மண்வெட்டியாயிற்று. நல்ல கருவியை வாங்குவதோடு காரியம் முடிந்தது என்று நினைக்கும் நண்பர்கள் இதை மறக்கக் கூடாது.

நம் நாட்டிலும் தனியார் கையில் சுரங்கங்கள் இருந்த காலத்தில் 1965 மே மாதம் தோரியில் வெடித்தது. 268 பேர் மாண்டார்கள். 1971-லிருந்து 1973-க்குள் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயமானது யாருடைய தானமும் அல்ல.

இரும்புப் பெட்டியும் ஒரு போல்ட்டும்

பிளேம்புரூஃப் என்ற சொல் நம் தொழிலாளர் எல்லோருக்கும் தெரியும். கனத்த இரும்புப் பெட்டி, சுற்றிலும் போல்ட்டுகள். வாயு உள்ளே நுழையாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, நுழையும். உள்ளே வெடிக்கவும் செய்யும். அந்த வெடியைப் பெட்டி தாங்கிக் கொள்கிறது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள மிகக் குறுகிய இடுக்கு வழியே வரும் தீ குளிர்ந்து வெளிவருவதால் வெளியிலுள்ள வாயு பற்றுவதில்லை. இதுதான் அதன் சூட்சுமம். ஆகவே அந்த இடுக்குதான் உயிர். அதில் துரு ஏறினால், கீறல் விழுந்தால், பத்து போல்ட்டில் இரண்டு காணாமல் போனால், கேபிள் நுழையும் இடத்தில் கிளாண்டுக்குப் பதில் சாக்குத் துணியை அடைத்தால் அது வெறும் இரும்புப் பெட்டி. சாதாரணச் சுவிட்சைவிட மோசம் என்றுகூடச் சொல்லலாம். அதை நம்பி ஆள் பக்கத்தில் போகிறான் அல்லவா?

எல்லா வாயுவுக்கும் ஒரே பெட்டி என்பதும் கிடையாது. புரொப்பேன் தீயை அடக்கும் இடுக்கு ஹைட்ரஜன் தீயை அடக்காது. எந்த இடத்தில் எப்போதும் ஆவி நிற்கும், எங்கே வேலை நடக்கும்போது வரும், எங்கே ஏதாவது கோளாறானால் மட்டும் வரும் என்று பூஜ்யம், ஒன்று, இரண்டு என மூன்று மண்டலமாகப் பிரித்து வரைபடம் போட வேண்டும். தூசிக்கு இதே போல 20, 21, 22. வரைபடம் இல்லாமல் சாதனம் வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது போல. எத்தனை ஆலைகளில் அந்த வரைபடத்தைத் தொழிலாளி கண்ணால் பார்த்திருக்கிறான்? மேஜை டிராயரில் பூட்டி வைத்து, இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று எடுக்கும் காகிதமாக அல்லவா அது இருக்கிறது!

கடைத்தெருவில் நடக்கும் மோசடி வேறு. மழைத் தண்ணீரும் தூசியும் உள்ளே போகாத பெட்டிக்கு ஐ.பி. 65 என்று ஓர் அளவு உண்டு. அது நல்ல அளவுதான், ஆனால் வெடிக்கும் ஆவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "வெதர்புரூஃப்" பெட்டியைக் காட்டி "இதுவும் அதுவும் ஒன்றுதான் சார், விலை பாதி" என்கிறான் வியாபாரி. சிக்கனம் செய்தேன் என்று மேலிடத்தில் பெயர் வாங்கத் துடிக்கும் பர்ச்சேஸ் அதிகாரிக்கு இது தேனாக இனிக்கிறது. எரிந்துபோன பிளேம்புரூஃப் மோட்டாரை மூலைக்கடை ரீவைண்டிங்குக்கு அனுப்பி, இடுக்கில் பெயிண்டைப் பூசி, பழைய பித்தளைத் தகட்டோடு திரும்பக் கொண்டு வந்து மாட்டுவதும் நடக்கிறது. தகடு என்ன சொன்னால் என்ன? அந்த மோட்டார் சோதனைச்சாலையில் தேறிய மோட்டார் அல்ல.

இரண்டு சாக்குகள்

முதல் சாக்கு: தொழிலாளியின் அஜாக்கிரதை. மின்சாரத்தை நிறுத்தாமல் மூடியைத் திறந்தான், 40 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 100 வாட் பல்பைப் போட்டான், செல்போனை எடுத்துப் பேசினான் என்கிறார்கள். நடக்கவே நடக்காது என்று நாம் சொல்லவில்லை, நடக்கிறது. ஏன் நடக்கிறது? லைனை நிறுத்தினால் உற்பத்தி நின்றுவிடும், நிறுத்தாமலே பார் என்று உத்தரவிட்டது யார்? ஸ்டோரில் சரியான பல்பு இல்லாமல் வைத்தது யார்? காலையில் காண்டிராக்டர் லாரியில் ஏற்றி வந்த பையனிடம், இது எந்த ஆவி, இங்கே எதைத் தொடக் கூடாது என்று யார் சொன்னார்கள்? மூடியின் மேல் "மின்சாரம் இருக்கும்போது திறக்காதே" என்று எழுதியிருக்கிறது, ஆங்கிலத்தில்!

இரண்டாவது சாக்கு: சின்ன முதலாளி என்ன செய்வான், இந்தச் சாதனங்கள் விலை அதிகம் அல்லவா என்பது. இதை நாம் தள்ளிவிடவில்லை. பெரிய ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஜாப் வேலை செய்யும் சிறு பட்டறைக்காரனின் கையிருப்பு நமக்குத் தெரியும். அவனைக் கசக்கிப் பிழியும் பெரிய கம்பெனி அல்லவா அந்தச் செலவை ஏற்க வேண்டும்? ஐரோப்பாவுக்கு அனுப்பும் தோலில் எந்த ரசாயனம் இருக்கக் கூடாது என்று நூறு சோதனை செய்பவர்கள், அந்தத் தோலுக்கு லாக்கர் அடிக்கும் அறையில் எந்தச் சுவிட்சு இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தால் என்ன?

அதுவும் தவிர, விலையுயர்ந்த சாதனம்தான் முதல் வழி என்பதே சரியல்ல. முதல் வழி, ஆவி இருக்கும் இடத்தில் மின்சாதனமே இல்லாமல் செய்வது. சுவிட்சைச் சுவருக்கு வெளியே கொண்டு போ. மோட்டாரை வெளியே வைத்து, தண்டு சுவரைக் கடக்கும் துளையை இறுக அடை. கெட்டியாக அடைத்த கண்ணாடிக்கு வெளியிலிருந்து வெளிச்சம் கொடு. டப்பாக்களை மூடி வை. ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளு. இதற்கெல்லாம் ஒரு கொத்தனாரும் ஒரு வயர்மேனும் சில நாள் கூலியும் போதும். முதலில் இதைச் செய்து, மீதிக்குத்தான் விசேஷ சாதனம் வாங்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்துச் சங்கதி. இதைச் சொன்னால் பெரிய சாதனக் கம்பெனிகளின் ஏஜெண்டுகளுக்குக் கசக்கும். கசக்கட்டும்.

பொதுத்துறை என்பதற்காக வாய்மூடி இருப்பவர்கள் அல்ல நாம். 2009 அக்டோபர் 29 மாலையில் ஜெய்ப்பூரில் இந்தியன் ஆயில் கிடங்கில் பெட்ரோல் பீறிட்டுக் கொட்டியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கொட்டியது. அறையிலிருந்தபடியே வால்வை மூடும் ஏற்பாடு இயங்காத நிலையில் இருந்தது. ஆவி கிடங்கு முழுவதும் பரவி வெடித்தது. 11 பேர் மாண்டார்கள். தீ பத்து நாளுக்கு மேல் எரிந்தது. நிர்வாகக் கட்டிடத்தில் இருந்த பிளேம்புரூஃப் அல்லாத மின்சாதனமோ, கிளப்பப்பட்ட ஒரு வண்டியோ பற்றவைத்திருக்கலாம் என்றது சர்க்கார் அமைத்த குழு. டாங்குக்குப் பக்கத்தில் நல்ல சாதனம் வாங்கியாயிற்று, ஆபீசுக்கு எதற்கு என்று நினைத்திருக்கிறார்கள். ஆவிக்கு ஆபீஸ் எது, யார்டு எது என்று தெரியுமா? ஆளைக் குறைத்து, பழுதைத் தள்ளிப்போட்டு நடத்தும் பொதுத்துறை, தனியாரின் பாடத்தைத்தான் படிக்கிறது.

"வேண்டும்" போய் "லாம்" வந்த கதை

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் பல ஓட்டைகள் இருந்தன. ஆயினும் தீப்பற்றும் ஆவியும் தூசியும் உள்ள இடத்தில் பற்றவைக்கக் கூடிய எதையும் விலக்க வேண்டும், அல்லது அடைத்து வைக்க வேண்டும் என்று 37-ஆம் பிரிவு சொன்னது. டாங்குக்குள்ளும் குழிக்குள்ளும் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கு கூடாது, ஆவி இருந்தால் பிளேம்புரூஃப் விளக்குத்தான் என்று 36-ஏ பிரிவு சொன்னது. போபாலில் ஆயிரக்கணக்கானோர் மடிந்த பிறகு, 1987-இல் ஒரு திருத்தம் வந்தது. ஆபத்தான தொழில் நடக்கும் ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகப் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருக்கும் பாதுகாப்புக் கமிட்டியை அமைத்தாக வேண்டும் என்றது அது.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்குக் கொண்டு வந்த தொகுப்புச் சட்டம் என்ன சொல்கிறது? பாதுகாப்புக் கமிட்டி வேண்டும் என்று சர்க்கார் உத்தரவிடலாம் என்கிறது. "வேண்டும்" போயிற்று, "லாம்" வந்தது! மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 ஆக்கினார்கள். லாக்கர் அடிக்கும் அறையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் ஆவி வெடிக்குமோ? இன்ஸ்பெக்டர் என்ற பெயரோடு "வசதி செய்து கொடுப்பவர்" என்ற வாலையும் ஒட்டினார்கள். யாருக்கு வசதி? மரணம் நேர்ந்தால் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாயாக இருந்தது 5 லட்சமாகியிருக்கிறது. இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் சிறை அல்லது அபராதம் என்று இரண்டில் ஒன்றாக வைத்திருக்கும்போது, பணம் உள்ளவன் எதைக் கட்டுவான் என்று சொல்லவும் வேண்டுமா?

தொழிற்சங்கங்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் "லாம்" என்றால் நாம் ஒப்பந்தத்தில் "வேண்டும்" என்று எழுத வைக்க முடியும். அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் போனஸ், பஞ்சப்படியோடு இதையும் வைக்க வேண்டும்: மண்டல வரைபடம் தமிழில், காண்டிராக்ட் தொழிலாளி பேசும் பாஷை இந்தியோ ஒடியாவோ எதுவானால் அதிலும், ஷாப்பின் வாசலில் தொங்க வேண்டும். ஆபத்தான இடத்துக்கு வாங்கும் ஒவ்வொரு மின்சாதனத்தின் சான்றிதழும் சங்கப் பிரதிநிதியின் கண்ணில் பட்ட பிறகுதான் பொருத்தப்பட வேண்டும். நாகபுரியிலுள்ள பெட்ரோலிய வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தின் அங்கீகாரம், வாயுப் பிரிவு, டி எண் மூன்றும் அந்த இடத்துக்குப் பொருந்துகின்றனவா என்று அவர் கேட்க வேண்டும். போல்ட்டு குறைந்த பெட்டியைக் கண்ட தொழிலாளி லைனை நிறுத்தச் சொன்னால் அவன்மேல் நடவடிக்கை கிடையாது என்று எழுத்தில் வர வேண்டும். நின்ற நேரத்துக்குக் கூலி வெட்டும் கிடையாது. காண்டிராக்ட் தொழிலாளர் பிரதிநிதி இல்லாத பாதுகாப்புக் கமிட்டியை நாம் கமிட்டியாக ஏற்க மாட்டோம். மூடியைத் திறக்கும் கை பெரும்பாலும் அவர்களுடையது.

ஒப்பந்தம் வரும்வரையும் சும்மா இருக்க வேண்டாம். நாளைக் காலை ஷிப்டிலேயே சங்கத் தோழர்கள் ஒரு நோட்டை எடுத்துக் கொண்டு தங்கள் ஷாப்பில் உள்ள சுவிட்சு, விளக்கு, மோட்டார், ஜங்ஷன் பெட்டி ஒவ்வொன்றின் தகட்டையும் எழுதட்டும். தகடு இல்லாததை இல்லை என்றும், போல்ட்டு குறைந்ததை எத்தனை குறைவென்றும் எழுதட்டும். ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒரு பிரதி இன்ஸ்பெக்டருக்கு, இரண்டுக்கும் கையெழுத்து வாங்கி மூன்றாவது பிரதி சங்க ஆபீசில் இருக்கட்டும். அதன் பிறகும் தீப்பிடித்தால், மின்கசிவு என்று எந்தப் போலீஸ் அதிகாரி எழுதுகிறார் என்று பார்த்துவிடுவோம்.